குளோரினின் இணைதிறன் ஒன்றா, ஏழா?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்ஜியம். சோடியத்தில் தொடங்கி ஆர்கானில் முடியும் மூன்றாம் தொடரின் இணைதிறனை (ஓர் அணு பிற அணுக்களோடு சேரும் திறனைச் சொல்லும் எண்ணை) கேட்டால் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பித்துவிடுவார்கள். வெளிக்கூட்டு எலக்ட்ரான்களோ 1, 2, 3 என்று தொடங்கி 8 வரை ஏறிக்கொண்டே போகின்றன. நான்கு வரை இரண்டும் கைகோத்து நடக்கின்றன. அதன்பின் ஒன்று ஏற, மற்றது இறங்குகிறது. ஏன் என்றால், 'எட்டிலிருந்து கழிக்க வேண்டும்' என்று பதில் வரும். சரி, கழிப்போம். ஆனால் அதே பாடநூலில் சில பக்கம் தள்ளிக் கந்தக அமிலம் வருகிறது. அங்கே கந்தகத்துக்கு ஆறு. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு வருகிறது. அங்கே பாஸ்பரஸுக்கு ஐந்து. கழித்த கணக்கு எங்கே போயிற்று?

(இலங்கைப் பாடநூலில் படித்தவர்களுக்கு இணைதிறன் என்பது வலுவளவு, எலக்ட்ரான் என்பது இலத்திரன், தனிம வரிசை அட்டவணை என்பது ஆவர்த்தன அட்டவணை. சொல்தான் வேறு, சிக்கல் ஒன்றே.)

குழப்பத்தின் வேர் இது: அந்த 'ஒன்று முதல் நான்கு, மீண்டும் ஒன்று' என்ற வரிசை ஹைட்ரஜனை வைத்து எண்ணியது. ஒரு சோடியத்துக்கு ஒரு ஹைட்ரஜன், சிலிக்கானுக்கு நான்கு, பாஸ்பரஸுக்கு மூன்று, கந்தகத்துக்கு இரண்டு, குளோரினுக்கு ஒன்று. ஆக்சிஜனை வைத்து எண்ணுங்கள். ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தனிமமும் தரும் மிக உயர்ந்த ஆக்சைடைப் பாருங்கள். இரண்டு சோடியத்துக்கு ஓர் ஆக்சிஜன், ஆக 1. மெக்னீசியம் ஒன்றுக்கு ஒன்று, 2. இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன், 3. சிலிக்கான் 4. இரண்டு பாஸ்பரஸுக்கு ஐந்து ஆக்சிஜன் என்ற விகிதம், 5. கந்தக டிரையாக்சைடில் 6. குளோரின் ஹெப்டாக்சைடில் இரண்டு குளோரினுக்கு ஏழு ஆக்சிஜன், 7. ஒரு மடிப்பும் இல்லாத நேர்க்கோடு. வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கையும் இதுவும் அச்சாக ஒன்று.

ஆகவே வலப்பக்கத் தனிமங்களுக்கு இரண்டு இணைதிறன்கள் உண்டு: வாங்கும் கணக்கில் ஒன்று, கொடுக்கும் கணக்கில் ஒன்று. குளோரினுக்கு 1, 7. கந்தகத்துக்கு 2, 6. பாஸ்பரஸுக்கு 3, 5. கூட்டினால் எட்டு. இதை 1904இல் ரிச்சர்ட் ஆபெக் விதியாகவே சொன்னார். லூயிஸ் எலக்ட்ரான் இணையைப் பற்றி எழுதியது 1916இல். எண்ம விதி (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்தால் அணு நிலைக்கும் என்பது) பிறப்பதற்கு முன்பே எட்டு என்ற எண் வந்துவிட்டது. அது எலக்ட்ரானை எண்ணி வந்ததல்ல, தராசிலிருந்து வந்தது.

தராசு என்பது உவமையில்லை. மெண்டெலீவ் 1871இல் வெளியிட்ட அட்டவணையில் ஒவ்வொரு தொகுதியின் தலைமேலும் அது தரும் ஆக்சைடின் வாய்பாடும், நான்காம் தொகுதியிலிருந்து ஏழாம் தொகுதி வரை ஹைட்ரைடின் வாய்பாடும் எழுதியிருக்கும். எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம். எடை பார்த்துப் பெற்ற விகிதம் மட்டுமே கையில். அதை வைத்து அவர் செய்த திருத்தங்களில் இண்டியம் மிக அழகானது. துத்தநாகத் தாதுவில் 1863இல் கிடைத்த தனிமம் என்பதால், துத்தநாகம் போல இதற்கும் இணைதிறன் இரண்டு என்று கொண்டிருந்தார்கள். இண்டியத்தின் சமான எடை (ஒரு கிராம் ஹைட்ரஜனோடு சேரும் அல்லது அதை விடுவிக்கும் எடை) சுமார் 38.3. இதை இணைதிறனால் பெருக்கினால் அணு எடை. இரண்டால் பெருக்கினால் 76.5. அந்த இடத்தில் ஏற்கெனவே 75இல் ஆர்சனிக், 79இல் செலினியம். நடுவில் ஒரு உலோகத்தைச் செருக இடமே இல்லை. மூன்றால் பெருக்கினால் 114.8, காட்மியத்துக்கும் (112.4) வெள்ளீயத்துக்கும் (118.7) நடுவே, மூன்றாம் தொகுதியில், அலுமினியத்தின் வரிசையில் காலி நாற்காலி. இணைதிறன் மூன்று என்றார். புன்சனின் தன்வெப்ப அளவீடும் அதையே சொன்னது. இன்றைய எண்களில் சரிபார்க்கலாம்: ஒரு கிராம் இண்டியத்தை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 0.233 ஜூல். 114.8ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 27, 76.5ஆல் பெருக்கினால் 18. திண்ம உலோகங்களுக்கு இது 25ஐ ஒட்டி வரவேண்டும் என்பது டூலாங்–பெட்டி விதி. யார் சரி என்று தெரிகிறது.

இதே கணக்கைப் பள்ளி ஆய்வகத்தில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். தேவை 50 மில்லி அளவுக் குழாய், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், மெக்னீசியம் நாடா. நாடாவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்க வேண்டும். மேலே படிந்த ஆக்சைடு எடையில் சேரும், ஹைட்ரஜன் தராது. வேண்டியது 0.040 கிராம்தான். இவ்வளவு சிறிய துண்டைச் சாதாரணத் தராசில் நிறுப்பது வீண் வேலை. ஒரு மீட்டர் நாடாவை நிறுத்து நூறால் வகுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அளந்து வெட்டுவதே சரி. துண்டை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி (செம்பு இந்த அமிலத்தோடு வினைபுரியாது), அமிலம் அடியிலும் தண்ணீர் மேலுமாக நிரப்பிய குழாயின் வாயில் செருகி, நீருள்ள பாத்திரத்தில் கவிழ்க்க வேண்டும். அமிலம் தானே கீழிறங்கி வினை தொடங்கும். முடிந்ததும் உயரமான ஜாடிக்கு மாற்றிக் குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாகும்படி பிடித்து அளவு பார்க்க வேண்டும். உள்மட்டம் பத்து சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாலே அழுத்தத்தில் சுமார் 7 மில்லிமீட்டர் பாதரசம் குறையும், அதாவது ஒரு சதவீதப் பிழை.

30 டிகிரி செல்சியஸில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், குழாய் சுமார் 42.7 மில்லி காட்டும். இதில் நீராவியும் உண்டு. 30 டிகிரியில் அதன் அழுத்தம் 31.8 மில்லிமீட்டர் பாதரசம். அதைக் கழித்தால் உலர்ந்த ஹைட்ரஜன் 41 மில்லி. அந்த வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24.9 லிட்டர். கணக்கை முடித்தால் ஒரு மோல் ஹைட்ரஜன் அணுவை விடுவிக்கத் தேவையான மெக்னீசியம் 12.15 கிராம். அணு எடை 24.3. வகுத்தால் 2. நீராவியைக் கழிக்க மறந்தவருக்கு 2.09 வரும், அவரும் இரண்டு என்றுதான் எழுதுவார். இணைதிறன் முழு எண்ணாக இருப்பதன் நன்மை இது. அணு எடை தோராயமாகத் தெரிந்தாலே போதும், இணைதிறன் கிடைத்துவிடும். பிறகு அந்த முழு எண்ணால் சமான எடையைப் பெருக்கி அணு எடையைத் துல்லியமாக்கிக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு 0.030 கிராம் போதும். சுமார் அதே கனஅளவு வரும், விடை 3. அதன் ஆக்சைடுப் படலம் பிடிவாதமானது என்பதால் முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காது, பயப்பட வேண்டாம்.

இப்போது இரும்பைப் போட்டுப் பாருங்கள். அமிலத்தில் சமான எடை 27.9, இணைதிறன் 2. அதே இரும்பைச் சூடாக்கி உலர்ந்த குளோரின் வாயுவில் எரித்து, விளைபொருளை நிறுத்தால் 18.6, இணைதிறன் 3. இரும்பு மாறவில்லை, எதிரே நிற்கும் ஆள் மாறினார். கெக்குலே போன்றவர்கள் இணைதிறன் அணுவுக்கு அணு நிலையானது என்று பிடிவாதம் பிடித்த இடம் இதுதான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடைக் கூட அவர் 'டிரைகுளோரைடோடு ஒட்டிய குளோரின்' என்றே எழுதினார். எலக்ட்ரான் எண்ணிக்கை அணுவின் சொந்தச் சொத்து. அதில் எவ்வளவு செலவாகும் என்பதைக் கூட்டாளியோடு சேர்ந்துதான் தீர்மானிக்க முடியும்.

சோடியம் ஏன் ஒன்றோடு நிற்கிறது என்பதற்கு 'எட்டு எலக்ட்ரான் வந்தால் அணு நிம்மதி அடைகிறது' என்ற விளக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அணுவுக்கு ஆசை கிடையாது. எண்களைப் பாருங்கள். சோடியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல், இரண்டாவதுக்கு 4562. மெக்னீசியம்: 738, 1451, பிறகு 7733. அலுமினியம்: 578, 1817, 2745, பிறகு 11577. ஒவ்வொன்றிலும் ஒரு செங்குத்துப் பாறை. அது எங்கே வருகிறதோ அங்கே உட்கூடு தொடங்குகிறது. சிலிக்கானில் ஐந்தாவது எலக்ட்ரானில் வருகிறது. எலக்ட்ரான் அமைப்பே தெரியாவிட்டாலும் இந்த எண்களை மட்டும் வைத்துத் தொகுதியைச் சொல்லிவிடலாம்.

மெக்னீசியம் ஏன் ஒன்றோடு நிற்கவில்லை? முதல் எலக்ட்ரானுக்குச் செலவு 738தானே, இரண்டையும் கழற்ற 2189 ஆகிறதே? இங்கேதான் கூட்டாளி வருகிறார். இரட்டை நேர்மின்சுமை கொண்ட அயனியும் இரண்டு குளோரைடும் படிகமாக அடுக்கப்படும்போது சுமார் 2500 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. ஒற்றை மின்சுமைக்குச் சோடியம் குளோரைடு அளவில், அதாவது எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். மெக்னீசியம் மோனோகுளோரைடை எப்படியோ செய்துவைத்தாலும் பாதி உலோகமாகவும் பாதி டைகுளோரைடாகவும் பிரிந்துபோகும். பாறை வரை போவது லாபம், பாறையில் ஏறுவது நட்டம். எண்ம விதி இந்த வரவு செலவின் சுருக்கம் மட்டுமே.

வலப்பக்கம் வந்தால், உயர்ந்த இணைதிறனை யார் வெளியே கொண்டுவருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: புளோரினும் ஆக்சிஜனும். கந்தகம் ஹைட்ரஜனோடு இரண்டுக்கு மேல் போவதில்லை. குளோரினோடு நான்கு வரை போனாலும் அந்தச் சேர்மம் தண்ணீரின் உறைநிலைக்கு வெகு கீழேயே சிதைகிறது. புளோரினோடு ஆறு. அந்த ஹெக்சாபுளோரைடு எதனோடும் எளிதில் வினைபுரியாத வாயு என்பதால்தான் துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களுக்குள் அடைக்கிறார்கள். மறுமுனையில் அயோடின் இருக்கிறது. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றினால் காப்பர் டைஅயோடைடு கிடைக்காது. செம்பு ஒன்றுக்கு இறங்கி வெண்ணிற அயோடைடாகப் படியும், மிச்ச அயோடின் தனியே பிரிந்து கரைசலைப் பழுப்பாக்கும். அந்த அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்த்துத்தான் செம்பின் அளவைக் கண்டுபிடிக்கிறோம். அயோடைடு எலக்ட்ரானை இழுத்துப் பிடிக்கும் கூட்டாளி அல்ல, கொடுத்துவிடும் கூட்டாளி.

நைட்ரஜன் தனிக் கதை. ஐந்து வெளிக்கூட்டு எலக்ட்ரான் இருந்தும் பென்டாகுளோரைடு இல்லை, பென்டாபுளோரைடும் இல்லை. அதிகபட்சம் நான்கு பிணைப்பு, அம்மோனியம் அயனியில் இருப்பது போல. பாஸ்பரஸுக்கு 3டி ஆர்பிட்டால் காலியாக இருக்கிறது, நைட்ரஜனுக்கு அது இல்லை என்று பாடநூல் காரணம் சொல்லும். தேர்வில் அதையே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கணினிக் கணக்கீடுகள் பாஸ்பரஸின் பிணைப்பில் 3டியின் பங்கு மிகச் சொற்பம் என்று காட்டி வெகுகாலமாகிவிட்டது. முக்கியமான காரணம் இட நெருக்கடி: நைட்ரஜனைச் சுற்றி ஐந்து அணுக்கள் நிற்க இடம் போதாது. பழைய நூல்களில் நைட்ரிக் அமிலத்தை ஐந்து கோடு போட்டு வரைந்திருப்பார்கள். அது தவறு. அங்கே நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் (பிணைப்பு எலக்ட்ரான்களை அதிகம் இழுக்கும் அணுவுக்கே கொடுத்துவிட்டுப் பார்க்கும் மின்சுமைக் கணக்கு) 5, பிணைப்புகள் 4.

இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் விடைத்தாள்களில் அதிகம் காணும் பிழை. கார்பனை எடுத்துக்கொள்ளுங்கள். மீத்தேனில் அதன் ஆக்சிஜனேற்ற எண் −4, பார்மால்டிஹைடில் 0, கார்பன் டையாக்சைடில் +4. மூன்றிலும் இணைதிறன் நான்கே. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜனுக்கு −1, ஆனால் ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு கையையும் நீட்டியிருக்கிறது. ஒரு கை ஹைட்ரஜனுக்கு, ஒரு கை பக்கத்து ஆக்சிஜனுக்கு. கலோமலில் (மெர்குரஸ் குளோரைடில்) பாதரசத்துக்கும் இதே நிலைதான். அதனால்தான் மெக்னீசியம் ஆக்சைடின் வாய்பாட்டில் 2க்கு 2 வந்தால் அடித்துச் சுருக்குகிறோம், பெராக்சைடிலும் கலோமலிலும் சுருக்கக் கூடாது.

இடைநிலைத் தனிமங்களில் வெளிக்கூட்டை எண்ணும் பழக்கம் கைவிட்டுவிடும். இரும்பின் அமைப்பு 2, 8, 14, 2. வெளிக்கூட்டில் இரண்டு, ஆனால் மூன்றும் சகஜம். 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் முதலில் போகின்றன (நிரப்பும்போது முதலில் வந்தவை, கழற்றும்போதும் முதலில் போகும்), அடுத்து 3டியில் ஒன்று. அயனியாக்கும் ஆற்றல் 762, 1562, 2957, 5290. அலுமினியத்தில் பார்த்த பாறை இங்கே இல்லை, மேடுதான். அதனால் எங்கே நிற்பது என்பதைக் கூட்டாளியும் கரைப்பானும் முடிவு செய்கின்றன. அந்தத் தொடரில் உச்ச இணைதிறன் ஸ்காண்டியம் 3, டைட்டானியம் 4, வனேடியம் 5, குரோமியம் 6, மாங்கனீஸ் 7 என்று 4எஸ்ஸும் 3டியும் சேர்ந்த மொத்தத்தோடு படி தவறாமல் ஏறுகிறது. பிறகு அணுக்கருவின் பிடி இறுகி 3டி உள்ளே இழுக்கப்பட, இரும்பு சிரமப்பட்டு 6ஐத் தொடும். துத்தநாகத்தில் 2 மட்டும் மிஞ்சும்.

ஏழாம் எண்ணில் மாங்கனீஸும் குளோரினும் சந்திப்பது வெறும் எண் ஒற்றுமை இல்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் ஒரே வடிவப் படிகங்கள். ஆய்வகத்தில் பெர்மாங்கனேட்டின் ஏழு எப்போதும் முழுதாகச் செலவாவதில்லை என்பதை மறந்தால் கணக்கு கெடும். அமில ஊடகத்தில் அது 7இலிருந்து 2க்கு இறங்கும், ஐந்து எலக்ட்ரான். மூலக்கூறு எடை 158ஐ ஐந்தால் வகுத்து, ஒரு லிட்டருக்கு 3.16 கிராம் கரைத்தால் 0.1 நார்மல் (லிட்டருக்கு 0.1 சமான எடை). நடுநிலை ஊடகத்தில் 4இலேயே நின்று பழுப்பு நிற மாங்கனீஸ் டையாக்சைடாகப் படியும், மூன்று எலக்ட்ரான்தான். அங்கே அதே குப்பி 0.06 நார்மல். தரம்பார்க்கையில் கூம்புக் குடுவையில் பழுப்பு தெரிந்தால் கந்தக அமிலம் போதவில்லை என்று பொருள்.

அட்டவணையில் கீழே போகப் போக இன்னொரு விலகல். 14ஆம் தொகுதியில் எல்லோருக்கும் நான்கு எலக்ட்ரான். கார்பனுக்கும் சிலிக்கானுக்கும் நான்கு இயல்பு; வெள்ளீயத்துக்கு 2, 4 இரண்டும் ஓடும், ஆனாலும் 2 வாய்ப்புக் கிடைத்தால் 4க்கு ஏறிவிடும்; அதனால் ஸ்டேனஸ் குளோரைடு நல்ல ஒடுக்கி. ஈயத்தில் தலைகீழ். அதற்கு 2தான் வீடு. 6எஸ் எலக்ட்ரான் இணை வெளியே வர மறுக்கிறது; இதை மந்த இணை விளைவு என்கிறோம். வற்புறுத்தி 4க்கு ஏற்றிய ஈயம் எப்போது இறங்கலாம் என்று காத்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி ஓடுவது இந்த அவசரத்தால்தான்: ஒரு தகட்டில் நான்கில் நிற்கும் லெட் டையாக்சைடு, மறு தகட்டில் பூஜ்ஜியத்தில் நிற்கும் ஈயம், இரண்டும் 2க்கு வந்து லெட் சல்பேட்டாகின்றன. அறைக்கு 2.1 வோல்ட். கனமான அணுக்கருவுக்கு அருகே எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கில் ஓடுவதால் 6எஸ் சுருங்குகிறது. அந்த சார்பியல் விளைவே 2.1இல் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை தருகிறது என்பது 2011இல் வெளியான கணக்கீடு. பக்கத்தில் தாலியம் 1, பிஸ்மத் 3, இதே காரணம். சோடியம் பிஸ்மத்தேட்டில் 5இல் நிற்கும் பிஸ்மத், மாங்கனீஸையே 7க்குத் தள்ளும் அளவுக்கு எலக்ட்ரானைப் பிடுங்கும்.

லாந்தனைடுகளில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. பதினைந்து தனிமங்களுக்கும் இயல்பான இணைதிறன் 3. 4எஃப் எலக்ட்ரான்கள் உள்ளே புதைந்திருப்பதால் எத்தனை சேர்ந்தாலும் வெளியே தெரிவதில்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் இவை கூட்டமாகக் கிடக்கின்றன. பிரிப்பதுதான் தலைவலி: ஒரே இணைதிறன், அயனி ஆரமும் லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 103இலிருந்து 86 பிக்கோமீட்டருக்குத்தான் குறைகிறது. கூட்டத்தில் சீரியம்தான் எளிதாக 4க்கு ஏறும். ஹைட்ராக்சைடுகளைக் காற்றில் உலர்த்தி ஆக்சிஜனேற்றி நீர்த்த அமிலம் ஊற்றினால் மற்றவை கரைய, சீரியம் மிஞ்சும். மற்றவற்றுக்குக் கரைப்பான் பிரித்தெடுப்பில் அடுக்கடுக்காகப் பல படிகள். அதே மணலில் வரும் தோரியத்துக்கு நான்கு வெளி எலக்ட்ரான், இணைதிறன் 4. பெட்ரோமாக்ஸ் மேண்டிலின் வெண்சாம்பல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு.

தோரியத்தின் 4, யுரேனியத்தின் 6 ஆகியவை ஒரு காலத்தில் அட்டவணையையே ஏமாற்றின. இணைதிறனைப் பார்த்துத் தோரியத்தை ஹாஃப்னியத்தின் கீழும் யுரேனியத்தை டங்ஸ்டனின் கீழும் வைத்திருந்தார்கள். அவை எஃப் வரிசையின் தொடக்கம் என்று 1940களின் நடுவில் சீபோர்க் சொல்லித்தான் கீழே தனி வரிசையாக இறக்கினார்கள். தொடக்கத்தில் 5எஃப் அவ்வளவு ஆழத்தில் இல்லை; அதனால் ஆக்டினைடுகளின் முதல் சிலர் இடைநிலைத் தனிமம் போல நடிக்கிறார்கள்.

கடைசிப் பூஜ்ஜியம் பாக்கி. ஆர்கானுக்குச் சாதாரண வெப்பநிலையில் அது பொருந்தும். செனானுக்குப் பொருந்தாது. அதன் முதல் எலக்ட்ரானுக்கு 1170 கிலோஜூல். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 1165. பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்ததைக் கண்ட நீல் பார்ட்லெட், 1962இல் அதைச் செனானோடு கலந்தார். மஞ்சள் கலந்த திண்மம் படிந்தது. இன்று செனானுக்கு 2, 4, 6 புளோரைடுகளும், 8 கொண்ட டெட்ராக்சைடும் உண்டு. மூன்றாம் தொடரில் 1, 2, 3 என்று ஏறிய ஆக்சைடுக் கோடு எட்டில் முடிய வேண்டிய இடத்திலேயே முடிகிறது, ஆர்கான் மட்டும் வரவில்லை. ருத்தேனியமும் ஆஸ்மியமும் டெட்ராக்சைடுகளில் எட்டை எட்டுகின்றன. மெண்டெலீவின் எட்டாம் தொகுதியின் தலைமேல் இருந்த ஆக்சைடு வாய்பாடு அதுதான், அங்கேதான் அவருடைய பத்திகளும் முடிந்தன. ஆஸ்மியத்தை அடுத்து நிற்பது இரிடியம், வெளி எலக்ட்ரான்கள் ஒன்பது. 2014இல் நான்கு ஆக்சிஜனோடு ஒற்றை நேர்மின்சுமை கொண்ட இரிடியம் அயனியை வாயு நிலையில் பிடித்து, அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தார்கள். குப்பியில் அடைக்க முடியாத அந்த அயனியில் இரிடியத்தின் ஒன்பதும் செலவாகியிருந்தன.